செவ்வாய்க்கிழமை கடைசி பீரியட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. ரப்பர் இலை உதிர்ந்து கிடப்பதால் பால்வெட்டு நிறுத்தியாச்சு; சும்மா இருக்க மாட்டாமல் கிணற்றடி வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருக்கிறார். பார்சலில் ஏத்தங்காய் வத்தலும் முந்திரிக்கொத்தும் இருக்கிறது. முந்திரிக்கொத்து என் பேரன் சின்னவனுக்கு. பல் ஆடுகிறது என்றாயே, உடைத்துக் கொடு.

போன் போட்டால் எடுக்கத்தான் செய்கிறாய். "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ஜனவரியில் கேட்டாய் அல்லவா, சின்னவனுடைய ஞானஸ்நானச் சான்றிதழ், அதை வாங்கிவிட்டேன். பங்குத்தந்தை 2017 புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். ஒக்கி புயல் அடித்த கையோடு கரண்ட் இல்லாமல் மெழுகுதிரி வெளிச்சத்தில் பெயரிட்டோமே, அந்தப் பக்கம்தான். கையெழுத்தெல்லாம் சாய்ந்து கிடக்கிறது. வாங்கி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, உன் மெசேஜ் வந்தது. "சர்டிபிகேட் வேண்டாம்மா, வேற ஸ்கூல் பாத்துட்டோம்." அவ்வளவுதான். எந்த ஸ்கூல் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு வாரமாகிறது.

நான் ஒன்றும் சண்டைக்கு வரவில்லை, கேட்டியா. முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் நின்றவள் என்ற உரிமையில் சில காரியம் சொல்கிறேன். கத்தோலிக்கப் பள்ளி என்று போர்டு போட்டிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, சேர்க்கும் முன் டைம்டேபிளைக் கேட்டு வாங்கிப் பார். கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் பார்க்காதே. மறைக்கல்விக்கும், அதுதான் வேதபாடத்துக்கும், நன்னெறிக்கும் வாரத்தில் எத்தனை பீரியட், அதை எடுப்பது யார், அந்தப் பீரியட் ஜனவரி மாதத்திலும் உயிரோடு இருக்கிறதா என்று கேள். பல பள்ளியில் ஜூனில் இருக்கும், பொங்கல் கழிந்தால் இருக்காது.

அவனைப் பிடித்து ஜெபம் சொல்ல வைப்பார்கள், மூளையைக் குழப்புவார்கள் என்று நீ பயந்தாயானால் அதற்கும் வழி இருக்கிறது. அரசியலமைப்பின் 28(3) என்ன சொல்கிறது? அரசு அங்கீகாரமோ உதவிப்பணமோ பெறுகிற எந்தப் பள்ளியும், பெற்றோர் சம்மதிக்காமல் ஒரு சிறுபிள்ளையை மதபோதனைக்கு உட்கார வைக்கக் கூடாது. இது கத்தோலிக்கப் பிள்ளைக்கும் பொருந்தும். நீ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் விட்டுத்தான் ஆக வேண்டும். பிஷப்மார் கூடிய இந்திய ஆயர் பேரவையே 2024ல் நம் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. மற்ற மதப் பிள்ளைகள் மேல் நம் வழக்கங்களைத் திணிக்கக் கூடாது, காலை அசெம்பிளியில் அரசியலமைப்பின் முகவுரையை வாசிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் காலத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு அறை, மற்றவர்கள் அடுத்த அறை. கிறிஸ்தவர்களானாலும் கத்தோலிக்கர் அல்லாத சி.எஸ்.ஐ. பிள்ளைகள் எந்த அறைக்குப் போவதென்று வராந்தாவில் நின்று முழிப்பார்கள். அதை நினைத்தால் இப்போதும் சங்கடம்தான்.

சவேரியார் திருவிழாவுக்கு நீங்கள் வந்தபோதே நான் கவனித்தேன். கோட்டாறு கோயில் வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றினோம். "நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்பைப் பாத்துக்கிறேன்" என்றாய். பூசை முடியும் வரை அந்தக் கூட்டத்தில் ஐந்து ஜோடிச் செருப்புக்குக் காவல் நின்றாய். வெயிலில் முகம் கறுத்துப்போய் இருந்தது. சின்னவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, அம்மா ஏன் வரல?" என்றான். கூட்டம் அதிகம், அதனால் வரவில்லை என்று சொன்னேன். கோயிலுக்குள்ளே நின்று பொய் சொன்னேன்.

மாப்பிள்ளை தடை சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷன்தான் சின்னவனுடைய சட்டைக் காலரைச் சரிசெய்து என்னோடு உள்ளே அனுப்பினார். அவர் மேலோ அவர் வீட்டார் மேலோ எனக்கு ஒரு குறையும் இல்லை.

சின்னவனுக்கு வருகிற செப்டம்பரில் ஒன்பது முடிகிறது. அவன் வயதுப் பிள்ளைகள் இங்கே மே மாதம் முதன்முதலாக நற்கருணை வாங்கிப் புதுநன்மை எடுக்கிறார்கள். நான்தான் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், இந்த வருஷம் பதினான்கு பேர். இதை உனக்குத் தகவலுக்காகத்தான் சொல்கிறேன். மேலத்தெரு வல்லியம்மா கேட்டாள், "உன் பேரனுக்கு எப்போ?" என்று. பரீட்சை முடியட்டும் என்றேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன பெரிய பரீட்சை என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை, அவ்வளவுக்கு நல்லவள்.

நீ நன்றாகத்தான் வளர்க்கிறாய். டிசம்பரில் வந்தபோது வேலைக்கு வரும் தங்கத்துக்கு அவனாகவே நாற்காலி எடுத்துப் போட்டான், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன்னையும் நான் அப்படித்தான் வளர்த்தேன் என்று சொல்ல வாய் வருகிறது. நீ பத்தாம் வகுப்பில் கணக்கில் நூறு வாங்கினாய். பள்ளி வாசலில் உன் பெயரைப் பெயிண்டில் எழுதி வைத்தார்கள். அப்பா மூன்று நாள் அந்த வழியாகவே கடைக்குப் போனார். ஆனால் நீ அந்தப் போர்டைப் பார்க்கப் போகவே இல்லை. நான் கூப்பிட்டும் வரவில்லை. அடக்கமான பிள்ளை என்று மற்ற டீச்சர்களிடம் சொல்லிக்கொண்டேன். காரணம் எனக்குத் தெரியும் மக்களே. அன்றைக்கே தெரியும்.

அதற்கு முந்தின வருஷம், நீ ஒன்பதில் இருந்தபோது, ஸ்டாஃப் மீட்டிங்கில், பத்தாம் வகுப்புக்கும் ஒன்பதுக்கும் மறைக்கல்வி பீரியடை எடுத்துக் கணக்குக்குக் கொடுங்கள் என்று எழுந்து சொன்னது நான். தலைமை சிஸ்டர் மேல் பழி போட மாட்டேன், அவர் தயங்கினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். 1983ல் வந்த திருச்சபைச் சட்டத்தில் 806 என்று ஒன்று இருக்கிறது. கத்தோலிக்கப் பள்ளியின் கல்வித் தரம் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குக் குறையாமல் இருக்கும்படி நடத்துகிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். அதைச் சொல்லித்தான் வாங்கினேன். செவ்வாய்க்கிழமை கடைசி பீரியடும் வியாழக்கிழமை இரண்டாவது பீரியடும் என் கைக்கு வந்தது. அதே சட்டத்தில் இரண்டு எண் முன்னால், 804ல், மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கிறவர் போதனையிலும், வாழ்க்கைச் சாட்சியத்திலும், கற்பிக்கும் திறமையிலும் சிறந்து விளங்க வேண்டும் என்று இருக்கிறது. அதை அன்றைக்கு யாரும் வாசிக்கவில்லை. ரிட்டயர் ஆகி ஞாயிறு மறைக்கல்விக்கு வந்த பிறகுதான் நான் வாசித்தேன். வாழ்க்கைச் சாட்சியம் என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

உன் பக்கத்து பெஞ்சில் இருந்தாளே, குளச்சல் பஸ்ஸில் வருகிறவள். பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. தகப்பன் கொல்லம் பக்கம் விசைப்படகில் நாள்கணக்கில் கடலில் கிடக்கும் தங்கல் தொழிலுக்குப் போவார், தாய் தலைச்சுமையாக மீன் விற்பாள், கீழே இரண்டு தம்பிகள். கணக்கு அவளுக்கு ஏறவே இல்லை. ஆனால் மறைக்கல்வி வகுப்பில் அவள்தான் முதல். பைபிளில் சீமோன் இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் படவில்லை என்கிற இடத்தை அவளைச் சொல்லச் சொல்லி சிஸ்டர் கேட்பார். வெறும் வலையை இழுத்தால் கைக்கு எப்படி இருக்கும் என்று தகப்பன் சொன்னதைச் சொல்வாளாம். நீ வீட்டில் வந்து சொல்லியிருக்கிறாய். அவள் எழுந்து நின்று பேசிய ஒரே பீரியடை நான் எடுத்து, அவள் தலை குனிந்து நிற்கிற பீரியடாக ஆக்கினேன்.

முழு ஆண்டுத் தேர்வில் கணக்கில் 19. பாஸ் ஆக 35 வேண்டும். பத்தில் நூறு சதவீதம் காட்ட வேண்டுமானால் ஒன்பதிலேயே சல்லடை போடுவதுதான் வழக்கம். இங்கேயே இருந்தால் இதே வகுப்பு, டி.சி. வாங்கிப் போனால் பாஸ். பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டமும் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்றைக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அவள் தாய் வந்தாள். அலுமினியச் சட்டியைப் படிக்குக் கீழே வைத்துவிட்டு, குழாயடியில் போய்க் கையைக் கழுவினாள். ஒருமுறை கழுவி மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள். பிறகு வந்து ஈரக் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்து, காகிதத்தில் மீன் வாடை பட்டுவிடக் கூடாதென்று விரல் நுனியால் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். "டீச்சர் சொன்னா சரிதான்" என்றாள். பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில் "பெற்றோர் விருப்பம்" என்று நான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று ஆபீசில் என்னைத்தான் எழுதச் சொல்வார்கள்.

நீ வராந்தாவில் தூணுக்குப் பக்கத்தில் நின்றாய். நான் பார்த்தேன்.

அன்றைக்கு ராத்திரி நீ கேட்டாய். "வேதபாட பீரியடை எடுக்காம இருந்திருந்தா அவ அதுலயாவது ஃபர்ஸ்ட்டா இருந்திருப்பாளேம்மா. மலைப்பொழிவு மனப்பாடம் பண்ணச் சொல்லிட்டு அவளை ஏன் அனுப்பினே?" நான் உன்னை அடித்தேன். கன்னத்தில். அப்பா எழுந்து வந்து ஒன்றும் பேசாமல் உன்னைத் திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "டீச்சரை எதிர்த்துப் பேசாதே" என்று பின்னாலேயே கத்தினேன். வீட்டில் நின்றுகொண்டு நான் டீச்சர் என்றேன்.

அதற்கடுத்த வருஷம்தான் நீ நூறு வாங்கியதும் அவர்கள் போர்டு வைத்ததும்.

1965ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் கல்வியைப் பற்றி வெளியிட்ட ஏட்டை மறைக்கல்விப் பயிற்சியில் வாசிக்கக் கொடுத்தார்கள். கத்தோலிக்கப் பள்ளிகள் யாரைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று அதில் ஓர் இடம் வருகிறது. ஏழைகள், குடும்பத்தின் உதவியும் அன்பும் கிடைக்காதவர்கள், விசுவாசம் இன்னும் கிடைக்காதவர்கள். எங்களுக்கு அரசியலமைப்பு 30ஆம் பிரிவு தந்த சிறுபான்மை உரிமை இருக்கிறது, எங்கள் பள்ளியை நாங்களே நடத்துவோம் என்று நாங்கள் எத்தனை கூட்டத்தில் பேசியிருப்போம். அந்த உரிமை எவள் பிள்ளைக்காகக் கிடைத்ததோ அவளைக் குழாயடியில் கை கழுவ வைத்து அனுப்பினேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன். குருவானவர் மன்னிப்புக் கொடுத்தார். உன்னிடம் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீ பூசைக்கு வராததும் சான்றிதழ் வேண்டாம் என்றதும் இதனால்தானா என்று எனக்குத் தெரியாது. வேறு காரணம் ஆயிரம் இருக்கலாம். இதனால்தான் என்றால், அது நான் செய்தது மக்களே. கோயில் செய்ததில்லை, அந்த பீரியட் செய்ததில்லை. சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இதைத்தான் உன்னிடம் சொல்ல நினைத்தேன். உன் கையில் செருப்பைப் பார்த்ததும் வாய் அடைத்துப்போனது.

எந்தப் பள்ளியானாலும் நீயும் மாப்பிள்ளையும் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். டைம்டேபிளைக் கேள், மறந்துவிடாதே. கணக்கில் 19 வாங்குகிற பிள்ளையை என்ன செய்வீர்கள் என்றும் கேள். பதில் சொல்கிறவரின் முகத்தைப் பார். சின்னவன் கணக்கில் கெட்டிக்காரன்தான், இருந்தாலும் கேள்.

அந்தப் பிள்ளையோடு நீ கடிதம் போட்டுக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியும். உன் பரணில் இருந்த பெட்டியைக் கரையான் பார்க்க இறக்கியபோது உறைகளைப் பார்த்தேன். உள்ளே எதையும் பிரிக்கவில்லை, சத்தியம். அவள் கல்யாணத்துக்கு நீ போனதும் அப்பா சொல்லித்தான் பிறகு தெரியும். அவள் நம்பர் உன்னிடம் இருக்கும். எனக்கு அனுப்பு. அவள் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்றும் கேட்டுச் சொல். வேண்டாம் என்று அவள் சொன்னால் அதையும் அப்படியே சொல்லிவிடு, நான் வற்புறுத்த மாட்டேன்.

சான்றிதழ் பீரோவில் உன் பழைய மார்க் ஷீட்டோடு இருக்கிறது. இந்த உறையில் வைக்கவில்லை. நீ கேட்கும்போது அனுப்புகிறேன்.

வத்தல் டப்பாவை நன்றாக மூடி வை, நமத்துப்போகும்.

அம்மா