குழாயடியில் அழுத குழந்தை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1999-ல் நெதர்லாந்தில் தொடங்கிய 'பிக் பிரதர்' என்ற டிவி நிகழ்ச்சி 2001-ல் நம் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. 2017-ல் 'பிக் பாஸ்' என்று தமிழிலும் வந்துவிட்டது. யாரோ பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியவில்லை.

சாட்ஸ்வொர்த்தில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், இடைவேளையில் பிள்ளைகள் அந்த நிகழ்ச்சியில் வருவதுபோல 'நாமினேஷன்' விளையாடுகிறார்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தியைக் கைகாட்டி, "இவள் நடிக்கிறாள், நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாள்" என்று காரணம் சொல்லி வெளியே அனுப்புகிறார்கள். போன வாரம் அப்படி அனுப்பப்பட்ட ஏழு வயதுக் குழந்தை குழாயடியில் நின்று விசும்பிக்கொண்டிருந்தாள். சமாதானம் சொல்லப் போன தோழியையும், "குரூப் சேர்க்கிறாள்" என்றார்கள்.

ஒரே வீட்டுக்குள் இருக்கும் போட்டியாளர்களை நாள் முழுக்கப் படமெடுத்து, அதைச் சுருக்கி ஒளிபரப்பும்போது சண்டையும் அழுகையும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. காய்ச்சலில் கிடந்தவருக்கு ஒருவர் கஞ்சி வைத்துக் கொடுத்ததை முன்னோட்டத்தில் போடுவார்களா? கோள்மூட்டுவது சாமர்த்தியம், நம்பியவரைக் கைவிடுவது 'ஸ்ட்ராட்டஜி' என்று பிள்ளைகள் நினைப்பதில் என்ன ஆச்சரியம்?

மதுரையில் வளரும் குழந்தைக்குத் தெருவிலும் கடையிலும் வேறு தமிழ் கேட்கும். இங்கே பல வீடுகளில் பேச்சு ஆங்கிலம்தான். காதில் விழுவது டிவித் தமிழ் மட்டும். அதுவும் ஏச்சும் பேச்சுமாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பெற்றோரே, பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். கோயில் சங்கத்தாரே, ஆண்டுவிழாவில் சிறுவர்களுக்கு இந்த மாதிரிப் போட்டிகள் வேண்டாம். பாட்டு, நாடகம் சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன்.

- தமிழ் வகுப்பு ஆசிரியை, சாட்ஸ்வொர்த், டர்பன்