காளான் படுக்கைக்கு வெல்லத் தண்ணீர் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற வார விவசாயப் பக்கத்தில் சிப்பிக் காளான் வளர்ப்பு பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. குடில் போடுவது, ஈரம் காப்பது எல்லாம் சரியாகவே சொல்லியிருந்தார்கள். கடைசிப் பத்தியில்தான் வில்லங்கம். படுக்கை போடும்போது, அதாவது பையில் வைக்கோலை அடுக்கி நிரப்பும்போது, அந்த அடுக்குகளுக்கு இடையே வெல்லக் கரைசல் தெளித்து, பச்சைத் தவிடும் தூவினால் காளான் 'ஊட்டமாக' வருமாம். இதழ் வந்த மறுநாளே மேலூர்ப் பக்கத்து மகளிர் குழுவிலிருந்து ஒரு தங்கச்சி போன் செய்து, "அண்ணே, புத்தகத்துல போட்டிருக்காக, வெல்லம் கரைச்சு ஊத்தட்டுமா?" என்று கேட்டது. "ஊத்திராத தாயி" என்றேன். காரணத்தைப் போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

காளானுக்கு வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. வைக்கோலுக்குள் ஓடுகிற வெள்ளை இழைகள்தான் அதன் உடம்பு. நாம் பறித்து விற்பது அது கடைசியில் வெளியே தள்ளும் பகுதி மட்டும். பெரிய மூலக்கூறு எதுவும் அந்த இழைக்குள் அப்படியே புக முடியாது. ஆகவே அது நொதிகளை வெளியே சுரந்து, எதிரே இருப்பதை அங்கேயே சர்க்கரையாக உடைத்து, அப்புறம்தான் உறிஞ்சுகிறது. இதில் ஒரு சங்கடம் உண்டு. உடைத்த சர்க்கரை சிறிது நேரமாவது பொதுவில் கிடக்கும். பக்கத்தில் இருக்கிற எந்தப் பூசணமும் பாக்டீரியாவும் அதில் கை வைக்கலாம்.

உடைபடும் பொருளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அரிசியின் மாவுச்சத்து, வைக்கோலின் செல்லுலோஸ் இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிகள்தான். கண்ணிகள் இணைந்திருக்கும் விதம் மட்டும் வேறு. மாவுச்சத்துச் சங்கிலி சுருண்டு, கிளைவிட்டு, தளர்வாக இருக்கும். வேகவைத்துவிட்டால் அமைலேஸ் நொதிக்கு அது ஒரு வேலையே இல்லை. செல்லுலோஸில் ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. அதனால் சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு ஒட்டி இறுகிவிடுகிறது. தண்ணீர் புகுவதே கஷ்டம். ஒரு நொதியால் இது ஆகாது. ஒன்று சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று வெட்டுப்பட்ட முனையிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கழற்றிக்கொண்டே போகும். மூன்றாவது அந்த இரட்டையைப் பிரிக்கும். மூன்றாவது சுணங்கினால் இரட்டைகள் தேங்கி, மற்ற நொதிகளின் வேலையும் மந்தமாகும். செல்லுலோஸ் உடைவதென்றால் இவ்வளவுதான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். செம்பு அணுவைத் தாங்கிய வேறொரு வகை நொதி, அந்த இறுகிய பரப்பையே ஆக்ஸிஜனைக் கொண்டு கீறிவிடுகிறது என்பது 2010-ஐ ஒட்டித்தான் தெரியவந்தது.

இரண்டையும் ஒரே துணியில் பார்க்கலாம். சித்திரைத் திருவிழாவுக்குக் கஞ்சி போட்டுக் கட்டிய வேட்டியை அலசாமல் பெட்டியில் மடித்து வைத்தால், ஐப்பசி அடைமழையில் புள்ளி புள்ளியாகப் பூசணம் பிடித்திருக்கும். பருத்தி ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸ். மேலே பூசியது மாவுச்சத்து. பூசணம் முதலில் கஞ்சியைத்தான் தின்னும். கஞ்சி இல்லாமல் அலசி வைத்த வேட்டிக்கு இவ்வளவு சீக்கிரம் ஆபத்து வராது.

ஆனால் வெறும் பருத்தியையே விழுங்கும் பூசணமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணிகள் இற்றுப்போயின. அவற்றிலிருந்து பிரித்தெடுத்த பூசணத்தை முதலில் டிரைக்கோடெர்மா விரிடி என்றே எண்ணினார்கள். அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் பெயரால் பிற்பாடு டிரைக்கோடெர்மா ரீசி என்று தனி இனமாக்கினார்கள். இன்று ஆலைகளுக்குச் செல்லுலேஸ், அதாவது செல்லுலோஸை உடைக்கும் நொதி, தருவதில் முதல் வரிசை அந்த வம்சம்தான். நம் விவசாயிகளுக்கும் டிரைக்கோடெர்மா புதிதல்ல. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்று விதைநேர்த்திக்குக் கலக்கிறோமே, அதே குடும்பம். வயலில் வேரழுகல் பூசணத்தை அழிக்கும் நண்பன். காளான் குடிலில் பச்சைப் பூசணம் என்று நாம் திட்டுவதும் அதே குடும்பத்தைத்தான்.

செல்லுலோஸை உடைப்பதில் இத்தனை கெட்டிக்காரப் பூசணம், வைக்கோல் படுக்கையில் மட்டும் ஏன் சிப்பிக் காளானிடம் தோற்கிறது? வைக்கோலில் செல்லுலோஸ் பருத்தி போலத் திறந்து கிடக்கவில்லை. லிக்னின் என்ற கடினப் பொருள் அதைச் சுற்றி அடைத்திருக்கிறது. லாக்கேஸ், மாங்கனீசு பெராக்சிடேஸ் போன்ற நொதிகளால் அந்த அடைப்பைப் பிரிக்கும் வித்தை சிப்பிக் காளானுக்குத் தெரியும். பச்சைப் பூசணத்துக்கு அது சரியாக வராது. (லாக்கேஸ் வேலை செய்ய ஆக்ஸிஜன் வேண்டும். பையில் ஓட்டை போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.)

இப்போது வெல்லத்துக்கு வருவோம். வைக்கோலை நறுக்கி நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை இறுத்துவிட்டுத்தான் படுக்கை போடுகிறோம். இறுத்த தண்ணீர் டீ நிறத்தில் வருமே, வைக்கோலில் சுலபமாகக் கரையக்கூடிய சர்க்கரையில் பெரும்பகுதி அதோடுதான் போகிறது. மிஞ்சுவது லிக்னினுக்குள் அடைபட்ட செல்லுலோஸ், அதாவது சிப்பிக் காளானுக்கு மட்டும் தோதான தீனி. கட்டுரையாசிரியர் அதன்மேல் வெல்லம் ஊற்றச் சொல்கிறார். பாடுபட்டு வெளியேற்றியதைக் காசு கொடுத்து வாங்கி உள்ளே விடுவதுதான் இது. வெல்லத்தில் உடைக்க வேண்டியது எதுவும் பெரிதாக இல்லை. பந்திக்கு முந்துகிறவனுக்குத்தான் இலை. பச்சைப் பூசணத்தின் வித்துத்தூள் எந்தக் குடிலின் காற்றிலும் இருக்கும், சிப்பி இழையைவிட வேகமாகப் பரவும். வந்தது தின்றுவிட்டுப் போகவும் செய்யாது. பூசண இழைகளின் சுவர் கைட்டின், குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. அவற்றை உடைக்கும் நொதிகளும் டிரைக்கோடெர்மாவிடம் உண்டு. வயலில் வேரழுகல் பூசணத்துக்கு எது நடக்கிறதோ, குடிலில் நம் காளான் இழைக்கும் அதுதான் நடக்கும்.

ஒருவேளை பச்சை வராமல் தப்பித்தாலும் லாபமில்லை. குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தால் பூஞ்சைகள் செல்லுலேஸ் சுரப்பதைக் குறைத்துவிடும். இது அவற்றின் இயல்பு. சர்க்கரை தீரும்வரை வைக்கோல் சும்மா கிடக்கும்.

தவிடு விஷயத்தில் கட்டுரையாளர் பாதி சரி. தவிட்டில் தழைச்சத்து இருக்கிறது, காளானுக்கு அது வேண்டியதுதான். ஆனால் அழுத்த நீராவியில் கிருமி நீக்கம் செய்யும் வசதி இருப்பவர்கள் சேர்க்க வேண்டிய சரக்கு அது. அண்டாவில் வைக்கோலை வேகவைக்கும் நம் போன்றவர்கள் பச்சையாகத் தூவினால் மாவுச்சத்தும் கூடவே போகும். இயந்திர அறுவடை வைக்கோலில் நெல்மணி ஒட்டியிருந்தாலும் இதே தொல்லை. படப்பில் இருந்து எடுக்கும்போதே உதறிவிடுவது நல்லது.

மகசூல் குறைவதற்கு மதுரையில் பெரும்பாலும் வெயில்தான் காரணம், ஊட்டக் குறைவு அல்ல. கோடையில் சிப்பியோடு மல்லுக்கட்டுவதைவிட, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏபிகே 2 என்ற பால் காளான் ரகத்துக்கு மாறலாம். அது சூடு தாங்கும். ஒத்தக்கடை வேளாண் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் நேரில் போய்க் கேட்கலாம்.

மழைக்காலப் படுக்கைகளை எல்லோரும் போடத் தொடங்குவதற்குள் ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கூடவே இன்னொன்றும் போடுங்கள். ஏற்கெனவே வெல்லம் ஊற்றிப் பச்சை படர்ந்த பைகள் இருந்தால், குடிலுக்குள் வைத்துப் பிரிக்க வேண்டாம். வாயைக் கட்டி அப்படியே வெளியே எடுத்துப் போய்த் தள்ளிப் புதைக்க வேண்டும். உள்ளே பிரித்தால் தூள் பறந்து நல்ல பைகளிலும் விழும்.

இப்படிக்கு,
காளான் வளர்ப்பாளர் ஒருவர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.