மதுராந்தகம் அருகே நின்ற பெரியவருக்கு

போன ஞாயிறு மாலை, மதுராந்தகம் தாண்டி எங்கள் 1964 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் நின்றுவிட்டது. கூரையில்லாத திறந்த வண்டி, மழை வேறு மிரட்டுகிறது. பழைய அம்பாசிடரில் வந்த நீங்கள், கேட்காமலே ஓரங்கட்டினீர்கள்.

ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக அப்படியே சாயும். அதைத் தூக்கிவிட்டு, முன் டயர் மேலேயே உட்கார்ந்து, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினீர்கள். "கன்டென்சர் போச்சு தம்பி" என்று, அதிலிருந்த அந்தச் சின்ன மின் பாகத்துக்குப் பதிலாக உங்கள் டிக்கியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினீர்கள். அடுத்த திருகலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அப்புறம் கண்ணாடிச் சட்டத்தைத் தடவி, பெயின்டுக்குக் கீழே மூடியிருந்த போல்ட் துளைகளைக் காட்டினீர்கள். "இது கூரையோட பொறந்த வண்டி." ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், இருப்பதால் கூரையைக் கழற்றினாலும் ஓடும் என்று விளக்கினீர்கள். மூன்று வருடம் பழுதுபார்த்த எனக்கே அது தெரியவில்லை. யார், எதற்குக் கழற்றினார்களோ, இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

காசு வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. மனமார்ந்த நன்றி ஐயா. உங்கள் கன்டென்சரில்தான் வண்டி இன்னும் ஓடுகிறது.