வாங்கினவர் மட்டும்தான் கண்ணில் பட்டாரா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் தொழிற்சங்க ஊழல் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் அரசே ஆணையம் வைத்துச் சங்கங்களின் கணக்கைத் தோண்டியதையும், அதையொட்டி அங்கே நடந்த வாக்குவாதங்களையும் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். அதுவரை சரி. முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "அப்படி ஒரு விசாரணை இங்கே நடந்திருந்தால் வடசென்னையில் இத்தனை ஆலைகள் மூடியிருக்காது." எந்த ஆலை வாசலில் நின்று இதைக் கண்டுபிடித்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு தொழிற்சாலையில் நான் டர்னர், அதாவது கடைசல் மெஷின் ஓட்டியவன். சங்க ஊழல் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சம்பள நாளன்று கேட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சந்தா கொடுத்தால் ரசீது உண்டு, ஆனால் அடிக்கட்டை இருக்காது. 12(3) ஒப்பந்தம் (தொழிலாளர் அதிகாரி முன்னால் சங்கமும் நிர்வாகமும் போடும் சம்பள ஒப்பந்தம்) போட்டு அரியர்ஸ் வந்த வருஷம், கட்டட நிதி என்று நூற்றுக்கு ஐந்து ரூபாய் பிடித்தார்கள். கட்டடமும் எழும்பியது, செயலாளரின் மனையில். பொதுக்குழுவில் எழுந்து வரவு செலவு கேட்டேன். "தம்பி மேனேஜ்மென்ட் ஆளா?" என்று மேடையிலிருந்து சிரித்தபடி கேட்டார்கள். அப்புறம் கேன்டீனில் என் மேசைக்கு யாரும் வரவில்லை.

ஆகவே சங்கத்துக்காரர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அதே செயலாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டப வாடகை எங்கிருந்து வந்தது என்பது ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பேசப்பட்ட சங்கதி. அடுத்த ஒப்பந்தத்தில் உற்பத்தி இலக்கு ஏறியது, ஆள் குறைந்தது, செயலாளர் வாயே திறக்கவில்லை. வாங்கினவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவர், கொடுத்தவரைப் பற்றி நாலு வரியாவது எழுதியிருக்கலாமே?

அந்த ஆஸ்திரேலிய ஆணையத்தின் கதையையாவது முழுசாகச் சொன்னாரா? 2014-ல் அங்கே பிரதமராக இருந்த டோனி அபாட்டின் அரசு அமைத்தது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி டைசன் ஹெய்டன். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, ஆளும் லிபரல் கட்சிக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றில் பேச அவர் ஒத்துக்கொண்டிருந்தது 2015 ஆகஸ்டில் வெளியே வந்தது. பேச்சை விட்டார்; பதவியை விடவில்லை. அவர் விலக வேண்டும் என்று சங்கங்கள் கொடுத்த மனுவை விசாரித்துத் தள்ளுபடி செய்தவரும் அவரேதான். உங்கள் கட்டுரையில் இது "சிறு சலசலப்பு." எங்களுக்கோ பழகின காட்சி. ஆலைக்குள் டொமஸ்டிக் என்கொயரி, அதாவது தொழிலாளி மேல் உள் விசாரணை, நடக்கும். குற்றம் சாட்டுவது நிர்வாகம், விசாரணை அதிகாரியைப் போடுவது நிர்வாகம், அவருக்கு ஃபீஸ் கொடுப்பதும் நிர்வாகம். என்ன தீர்ப்பு வரும் என்று கேட் வாட்ச்மேனுக்கே முதல் நாளே தெரியும்.

அந்த ஆணையத்தில் நிஜமான களவும் அம்பலமானது, மறுக்கவில்லை. ஆனால் சுகாதார ஊழியர் சங்கத்தின் முன்னாள் தேசியச் செயலாளர் ஒருவர் சுமார் 14 லட்சம் டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்று 2015-ல் வந்த தீர்ப்பு, அந்தச் சங்கமே வழக்கு நடத்தி வாங்கியது. ஆணையத்துக்கு ஆன செலவோ 4 கோடி டாலருக்கு மேல்.

அதற்கும் முன்னால், 1980-ல், கப்பல் பெயின்டர் மற்றும் துறைமுகத் தொழிலாளர் சங்கம் ஒன்றை விசாரிக்க ஃபிராங்க் காஸ்டிகன் தலைமையில் அங்கே ஓர் ஆணையம் போட்டார்கள். துறைமுகத்து ரௌடிகளைத் தேடிப் போனவர் கையில் சிக்கியது பணக்காரர்களின் வரி ஏய்ப்பு. கம்பெனியின் சொத்தை உருவிக்கொண்டு, ஒன்றுமில்லாத ஆட்களை டைரக்டராக்கி, வரி பாக்கியை அவர்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எங்களுக்கு இது ருசியான செய்தி. அதற்கு உங்கள் பக்கத்தில் இடமில்லை.

நம் ஊரில் கணக்குக் கேட்க ஆணையமே தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தணிக்கை செய்த வரவு செலவை பதிவு செய்த ஒவ்வொரு சங்கமும் ஆண்டுதோறும் தொழிற்சங்கப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும், உறுப்பினர் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கலாம் என்று 1926-லேயே சட்டம் போட்டாயிற்று. அந்தச் சட்டத்தில், கொடுக்காவிட்டால் 5 ரூபாய் வரை அபராதம். இழுத்தடித்தால் வாரத்துக்கு இன்னொரு 5. எத்தனை வருஷம் இழுத்தாலும் மொத்தம் 50-ஐத் தாண்டாது என்றே இருந்தது. பர்மா பஜார் பக்கம் அந்தக் காசுக்கு ஒரு பிளேட் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கிடைக்குமா என்பதே சந்தேகம். இப்போது அது தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்துக்குள் போய், அபராதத்தைக் கூட்டியிருக்கிறார்கள். கூட்டட்டும், வாங்கிப் பார்ப்பவர் யார்? எங்கள் சங்கம் கொடுத்த வருஷக் கணக்கைப் பார்க்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "சங்கத்துல கேளுங்க" என்றார்கள். சங்கத்தில் "ஆபீஸ்ல இருக்கு" என்றார்கள். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் பதிவு செய்யக் கேட்டபோது எவ்வளவு கவனம், எவ்வளவு ஆராய்ச்சி! 2024-ல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம், உயர் நீதிமன்றத்தில் வழக்கு என்று அலைந்து, 2025 ஜனவரியில்தான் பதிவே கிடைத்தது.

எங்கள் ஆலை மூடியது சந்தாப் பணத்தாலா? புது மெஷின் ஒன்றும் இறங்கவில்லை, ஆர்டர்கள் வேறு மாநிலத்து யூனிட்டுக்குப் போயின, எங்களிடம் பிடித்த பி.எஃப். பல மாதம் கட்டப்படவில்லை. இன்று அங்கே கன்டெய்னர் யார்டு. பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களை வைத்து பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் மற்றவர்களும் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். சங்கம் நடத்தியதற்காக வாடியா மேல் நிர்வாகம் வழக்குப் போட, அந்த வழக்கு கிளப்பிய பிரச்சினையில்தான் 1926 சட்டத்துக்கே வழி பிறந்தது. இவ்வளவையும் விட்டுவிட்டு வடசென்னையைப் பற்றி ஒரு வரி எழுத எப்படி மனசு வந்தது? உங்கள் பத்திரிகையில் எங்கள் பக்கத்துச் செய்தி என்றால் கத்தி, கஞ்சா. 2023 டிசம்பர்போல எண்ணூரில் எண்ணெய் மிதந்தால் ஒரு கலர் படம்.

படம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. "ஊழல்" என்ற கொட்டை எழுத்துத் தலைப்புக்குக் கீழே நீங்கள் போட்டிருந்தது, 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களின் படம். அதில் முன்வரிசையில் இருக்கும் அம்மா எங்கள் தெருக்காரர். பக்கத்துக் கடையில் பஜ்ஜி கட்டிக் கொடுத்த பேப்பரில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் என்னாத்த திருடிட்டேன்?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தப் படத்தில் இருப்பவர்களுக்கும் கட்டுரைக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு வரி, வரும் ஞாயிறு அதே பக்கத்தில் போடுங்கள். கடிதத்தைச் சுருக்கினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81