ரெஸ்யூமில் எதை மேலே வைப்பது? மகளுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய ரெஸ்யூமைப் படித்துவிட்டேன். விஷயமெல்லாம் நன்றாக இருக்கிறது, வரிசைதான் சரியில்லை. போனில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே குட்டி எழுந்து அழுவான், நீயும் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

மேலே ஆப்ஜெக்டிவ் என்று மூன்று வரி. அடுத்து கட்டம் போட்டுப் பத்தாவது, பன்னிரண்டாவது, பி.இ. மதிப்பெண்கள், அதற்குக் கீழே காலேஜில் செய்த பிராஜெக்ட். இதையெல்லாம் தாண்டி வந்தால்தான் சோழிங்கநல்லூரில் நீ நாலு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தது தெரிகிறது. இது உன் காலேஜ் பிளேஸ்மென்ட் செல் கொடுத்த வரிசை, அன்றைக்கு அது சரிதான். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிற பிள்ளைகளிடம் வேலை அனுபவம் இருக்காது, நிறைய கம்பெனிகள் பத்தாவதிலிருந்தே அறுபது சதவீதம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வடிகட்டும், அதனால் மார்க் மேலே இருந்தது. இன்றைக்கு உன்னை எடுக்கப்போகிறவர் உன் பத்தாவது கணக்கு மார்க்கைக் கேட்கப்போவதில்லை. நீ என்ன மாதிரி சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்தாய், எந்தத் தவறுகளைக் கண்டுபிடித்தாய், டீமில் உன் பொறுப்பு என்ன, இதுதான் அவருக்கு வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆள் எடுக்கிற பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்தது இதைத்தான். வாக்-இன் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிட்டால் மறுநாள் காலையில் மேஜைமேல் ரெஸ்யூம் மலையாகக் குவிந்துவிடும், ஒவ்வொன்றாக முழுதாகப் படிக்க யாருக்கும் நேரம் கிடையாது, முதல் பக்கத்தின் மேல்பாதியைப் பார்த்துத்தான் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரிப்போம். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள் இல்லையா, அந்தச் சமயத்தில் மெக்கானிக்கல் படித்த பையன்கள்கூட ரெஸ்யூமின் உச்சியில் சி, ஜாவா கோர்ஸ் என்று போட்டு எங்களுக்கே அனுப்புவார்கள். நாங்கள் ஆள் தேடியது தகட்டை அச்சில் அழுத்தி பார்ட் செய்கிற பிரஸ் ஷாப்புக்கு. அந்த அச்சைப் பொருத்துகிற டை செட்டிங் தெரிந்த பையனாக இருப்பான், ஆனால் அது இரண்டாம் பக்கத்தின் அடியில் கிடக்கும். அந்த மாதிரிப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு மனது கஷ்டமாக இருக்கும். வேலை தெரிந்திருந்தும் அது கண்ணில் படாமல் போய்விட்டது.

லியனார்டோ டா வின்சி 1482 வாக்கில் இத்தாலியில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு ஒன்று இருக்கிறது. முதலில் எளிதாகத் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், அப்புறம் கோட்டை முற்றுகைக்கான கருவிகள், பீரங்கிகள் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார், சமாதான காலத்தில் கட்டடமும் கட்டுவேன், சிலையும் ஓவியமும் செய்வேன் என்பது கடைசியில்தான் வருகிறது. ஸ்போர்ஸாவுக்கு அப்போது போர்க் கவலை. படிக்கிறவருடைய தேவையைப் பார்த்துத்தான் அவர் வரிசை போட்டிருக்கிறார், நீயும் அப்படித்தான் போட வேண்டும்.

சரி, உன் விஷயம். பெயர், போன் நம்பர், மெயில், அதற்குக் கீழே ஆப்ஜெக்டிவை எடுத்துவிட்டு இரண்டு மூன்று வரியில் நீ யார், எத்தனை வருஷ அனுபவம், எதில் கெட்டி என்று எழுது. அடுத்து உனக்குத் தெரிந்த டூல்களின் பெயர்கள் ஒரே வரியில். உடனே வேலை அனுபவம், கடைசியாகச் செய்தது முதலில். அதற்கு உள்ளேயும் வரிசை இருக்கிறது, பாப்பா. பேமென்ட் ஆப்பை ரிலீஸுக்கு முன்னால் டெஸ்ட் செய்த டீமை நீ நடத்தினாயே, அதைப் போய் ஐந்தாவது புள்ளியில் வைத்திருக்கிறாய். டெஸ்ட் கேஸ் எழுதினேன் என்பது முதல் புள்ளியில் இருக்கிறது, அதை எல்லோரும் எழுதுவார்கள்.

போன வருஷம் முடித்த செலினியம் கோர்ஸ், அதுதான் டெஸ்டிங்கைத் தானாக ஓடவைக்கிற டூல், எங்கே வரும் என்று கேட்டாய். விளம்பரத்தில் ஆட்டோமேஷன் கேட்டிருந்தால் வேலை அனுபவத்துக்கு மேலேயே வை, கோர்ஸில் செய்த பிராஜெக்டையும் ஒரு வரி சேர். மேனுவல் டெஸ்டிங் மட்டும் கேட்கிற இடத்துக்கு அனுபவத்துக்குக் கீழே போதும். ஒரே ரெஸ்யூமை எல்லா இடத்துக்கும் அனுப்பாதே.

இப்போது நீ பயந்துகொண்டிருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். குட்டி பிறந்ததும் வேலையை விட்ட இடைவெளி தெரியாமல் இருக்க, ஸ்கில்ஸ் என்று ஒரு பெரிய பகுதியை மேலே போட்டு, வேலை பார்த்த தேதிகளை எடுத்துவிடலாம் என்று உன் ஃபிரண்ட் சொன்னாளாம். வேண்டவே வேண்டாம். தேதி இல்லாத ரெஸ்யூம் வந்தால் நாங்கள் முதலில் தேடுவதே தேதியைத்தான். எதையோ மறைக்கிறார் என்ற நினைப்பு வந்துவிட்டால் அதற்குப் பிறகு கீழே என்ன எழுதியிருந்தாலும் அந்தக் கண்ணோடுதான் படிப்பார்கள். அந்த வருஷங்களுக்கு நேராகக் குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி என்று ஒரே ஒரு வரி போடு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி விளக்கமெல்லாம் எழுதாதே. நீ ஒரு குழந்தையை வளர்த்தாய், அதில் மறைக்க ஒன்றுமே இல்லை.

படிப்பு கீழே போகட்டும். டிகிரி, காலேஜ், வருஷம் போதும், பத்தாவதும் பன்னிரண்டாவதும் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். கடைசியில் அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணமானவர், பாஸ்போர்ட் நம்பர், மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழி எல்லாம் இருக்கிறது. என் பெயரை அங்கே பார்க்க எனக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் எடுத்துவிடு. கேட்கிற இடத்தில் ஃபாரத்தில் எழுதிக்கொடுத்தால் போதும். பாஸ்போர்ட் நம்பரை முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பவே கூடாது.

பக்கத்தை இடது, வலது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து அழகாகச் செய்திருக்கிறாய், ஆனால் இப்போது பல கம்பெனிகளில் மனிதர் பார்ப்பதற்கு முன் சாஃப்ட்வேர்தான் ரெஸ்யூமைப் படிக்கிறது, கட்டமும் இரட்டைப் பத்தியும் வந்தால் அது சில சமயம் இடது வலது வரிகளைக் கலந்துவிடும். முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார், நீ நினைத்த வரிசையிலேயே வருகிறதா என்று தெரிந்துவிடும். இடது வலது என்று பிரிக்காமல் மேலிருந்து கீழே ஒரே வரிசையாக மாற்றிவிடுவது நல்லது.

மாப்பிள்ளையின் ரெஸ்யூமை இதைப் பார்த்து மாற்ற வேண்டாம். அவர் காலேஜ் வேலைக்குப் போடுகிறார், அங்கே பிஎச்.டி., நெட் தகுதித் தேர்வு, வெளியான கட்டுரைகள் இவையெல்லாம் மேலேதான் இருக்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றி அனுப்பு. கூடவே எந்த வேலைக்குப் போடுகிறாயோ அந்த விளம்பரத்தையும் அனுப்பு, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நான் பார்ப்பேன். அம்மா குட்டியின் போட்டோ கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா