பார்சல் விஷயமாகப் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ அனுப்பிய தேன்குழலைச் சாப்பிட்டுவிட்டு, "ஆச்சி கைப்பக்குவம் அப்படியே இருக்கு" என்று பெரியம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். கேட்கப் பெருமையாக இருந்தது. பெட்டி மேல் 3 கிலோ என்று போட்டிருந்ததையும் அவள்தான் சொன்னாள். உள்ளே இருந்ததோ 1 கிலோ. உன் பலகார வியாபாரம் எப்படி என்று போனில் கேட்டால் "நல்லாத்தாம்மா போகுது" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

கூரியரில் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். தராசு எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 30×25×20 பெட்டி என்றால் 15,000. வகுத்தால் 3 கிலோ. அதே தேன்குழலை அரைக் கிலோ பாக்கெட் இரண்டாகப் போட்டு 25×20×12 பெட்டியில் வைத்தால் 1.2 கிலோதான் வரும். அரை அரைக் கிலோவாக ஏற்றிக் கணக்கிடுவதால் 1.5-க்குப் பில் போடுவார்கள், கிட்டத்தட்டப் பாதிச் செலவு. அட்டைப்பெட்டி செய்கிறவரிடம் அளவு சொன்னால் அடித்துத் தருவார். கையில் கிடைத்த பெட்டியில் போட்டுக் காகிதத்தைத் திணித்து அனுப்பினால் காற்றுக்குக் காசு கட்டுகிறாய் என்று அர்த்தம். ஆன்லைனில் புக் பண்ணும்போது நீ 1 கிலோ என்று போட்டாலும், கிடங்கில் இயந்திரம் அளந்து மீதியை நீ முன்னாலேயே பணம் போட்டு வைத்திருக்கும் வாலட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதற்கு மறுப்புச் சொல்லச் சில நாள்தான் அவகாசம். பெட்டியைத் தராசில் வைத்து, பக்கத்தில் அளவு டேப்பை நீட்டி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்.

இதைவிடப் பெரிய ஓட்டை கேஷ் ஆன் டெலிவரி, அதாவது பெட்டி கைக்கு வந்ததும் காசு கொடுக்கிற சி.ஓ.டி. ஒரு பெட்டி 600 ரூபாய் என்று வை. சரக்கு 350, பேக்கிங் 30, அனுப்பும் கூலி 90, சி.ஓ.டி. கட்டணம் 40. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் உனக்கு 90 நிற்கும். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் போன கூலியோடு வந்த கூலி 90-உம் உன் தலையில். இரண்டு வாரம் சுற்றி வந்த பலகாரத்தை மறுபடி விற்கவும் முடியாது. ஆக சரக்கு, பேக்கிங், இரண்டு கூலி சேர்த்து 560 போச்சு. ஒரு பெட்டி திரும்பினால் ஆறு பெட்டி லாபம் போகிறது. புடவை விற்கிறவர்கள் தாங்குவார்கள், தின்பண்டம் தாங்காது. புது ஆளுக்குச் சி.ஓ.டி. வேண்டாம். கேட்டே தீருவேன் என்றால் 150 ரூபாயாவது யு.பி.ஐ.-யில் முன்பணம் வாங்கு. 150 கொடுத்தவர் பெட்டியை அவ்வளவு சுலபமாகத் திருப்பி அனுப்பமாட்டார். சி.ஓ.டி. பணம் உன் கணக்குக்கு வர ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும், அதுவரை மாவுக்கும் எண்ணெய்க்கும் நீதானே கைக்காசு போடவேண்டும்?

எதில் அனுப்புவது என்பதை விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதே, பின்கோடைப் பார். சென்னை, மதுரை, திருச்சி மாதிரி ஊர்களுக்கு எஸ்.டி., புரொஃபஷனல் போன்ற கூரியர்களில் பெரும்பாலும் மறுநாளே போய்விடும். ஆனால் அவை கிளை எடுத்து நடத்துகிறவர்களை நம்பியவை, ஒரு ஊரில் நன்றாகவும் அடுத்த ஊரில் மந்தமாகவும் இருக்கும். கிராமம் என்றால் "சர்வீஸ் இல்லை, ஆபீஸுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார்கள். பத்து மைல் பஸ் ஏறி யார் முறுக்கு வாங்கப் போவார்கள்? அங்கேயெல்லாம் ஸ்பீட் போஸ்ட் போடு. நாட்டில் 1.64 லட்சத்துக்கு மேல் தபாலாபீஸ் இருக்கிறது, பத்தில் ஒன்பது கிராமத்தில். 2025-ல் பதிவுத் தபாலையும் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், ஓ.டி.பி. சொல்லி வாங்கும் வசதியும் வந்திருக்கிறது. தபால் பையை எத்தனை மணிக்குக் கட்டி அனுப்புகிறார்கள் என்று கவுண்டரில் கேள். அதற்குப் பிறகு கொடுத்த பெட்டி அன்றிரவு அங்கேயேதான் தூங்கும். வெள்ளிக்கு மேல் அதிரசம் கட்டாதே, ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடக்கும். கல்யாணச் சீர் மாதிரி 20 கிலோ ஒரே இடத்துக்கு என்றால் ஆம்னி பஸ் பார்சலில் போடு, அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

பின்கோடில் கடைசி மூன்று எண்தான் எந்தத் தபாலாபீஸ் பட்டுவாடா செய்யும் என்று சொல்வது. வீடு மாறினவர்கள் பழைய எண்ணையே எழுதுவார்கள், பெட்டி வேறு ஆபீஸுக்குப் போய்த் திரும்ப நாள் ஆகும். ஆர்டர் வந்ததும் பின்கோடும் ஊரும் பொருந்துகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு.

நெய்யும் எண்ணெயும் அட்டையில் ஊறினால் முகவரிச் சீட்டு கருத்துப்போய் பார்கோடு படிக்காது. அதிரசத்தை முதலில் சீல் வைத்த பையில், அப்புறம் இன்னொரு பையில் போடு. சீட்டின் மேல் பளபளப்பு டேப் ஒட்டாதே, ஸ்கேனர் வெளிச்சம் பட்டு மின்னும். கண்ணாடித் தாள் உறையில் சீட்டை நுழைத்து ஒட்டு. பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு முகவரியும் போன் நம்பரும் எழுதிப் போடு. மேல் சீட்டு கிழிந்தாலும் பெட்டி அநாதையாகாது. டேப் நடுவில் ஒரு கோடு மட்டும் போதாது, இரண்டு ஓரத்திலும் ஒட்டு. இடுப்பு உயரத்திலிருந்து ஒரு பெட்டியைக் கீழே போட்டுப் பார், தேன்குழல் நொறுங்கவில்லை என்றால் அனுப்பு. தொலைந்தால் தபாலானாலும் கூரியரானாலும் சரக்கின் முழு விலையைத் தரமாட்டார்கள், ரசீதின் பின்பக்கம் படித்துப் பார். விலை அதிகமான பெட்டிக்கு இன்ஷூரன்ஸ் போடு.

"ஆள் இல்லை", "முகவரி சரியில்லை" என்று டிராக்கிங்கில் வந்தால் அன்றைக்கே வாடிக்கையாளருக்குப் போன் போடு. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பெட்டி திரும்பிவிடும். உனக்குப் பிறருக்குப் போன் செய்யவே தயக்கம், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். எங்களுக்கே செய்யமாட்டேன் என்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. கொடியைப் பழுது பார்க்கக் கொடுத்திருப்பாய். அப்பா கவனிக்கவில்லை. மாப்பிள்ளை பின்னால் பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தார், அவ்வளவும் போகவேண்டிய பெட்டியா, வந்த பெட்டியா என்று நான் கேட்கவில்லை. அடகுக் கடை வட்டியும் கூரியர் கூலியும் ஒரே நேரத்தில் ஓடினால் எந்த வியாபாரமும் நிற்காது. புது ஆளுக்குச் சி.ஓ.டி. வேண்டாம், மறுபடியும் சொல்கிறேன்.

இந்த மாதத்து ரசீது எல்லாவற்றையும், உன் கணக்குக்கு வந்த சி.ஓ.டி. பணத்தின் பட்டியலையும் வாட்ஸப்பில் அனுப்பு. டிராக்கிங் எண்ணை வைத்து எந்தப் பெட்டிக்குப் பணம் வந்தது, எது நிலுவை, எந்தப் பின்கோடிலிருந்து அதிகம் திரும்புகிறது என்று பிரித்து எழுதித் தருகிறேன். அப்பா நம்பருக்கு வேண்டாம், என் நம்பருக்கு அனுப்பு.

அம்மா