அந்த அறையில் கேட்ட குரல்கள்

அன்புள்ள தோழிக்கு,

பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. "உன் பிள்ளை இன்னும் போனும் கையுமாகத்தான் இருக்கிறானா?" என்று கேட்டிருந்தாய். படித்ததும் 2020-க்கே, அந்தக் கொரோனா காலத்துக்கே போய்விட்டேன்.

அந்த ஏப்ரலில் உலகம் முழுக்க 150 கோடி மாணவர்களுக்குப் பள்ளி மூடிக் கிடந்ததாக யுனெஸ்கோ சொன்னது. எனக்கு இருந்தது ஒருவன்தான், அவனையே சமாளிக்க முடியவில்லை! போனைத் தொட்டாலே திட்டிக்கொண்டிருந்த நான்தான், "வகுப்புக்கு நேரமாச்சு" என்று அதைக் கையில் திணித்தேன். வகுப்பு முடிந்ததும் பிடுங்கினேன். தினமும் சண்டை.

ஒரு நாள் நடுராத்திரி அவன் அறையில் பேச்சுக் குரல். திட்டுவதற்காகவே கதவைத் திறந்தேன். திரையில் ஏதோ விளையாட்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, யாரும் ஆடவில்லை. கூட்டாளி ஒருவன் தாத்தா ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தான். மற்ற பையன்கள் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

அதற்காக எல்லாம் நல்லதென்று சொல்ல மாட்டேன். கூட்டாளிகள் போன பிறகும் அவன் தூங்குவதில்லை. இன்று எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை சாவு என்று விடியவிடியத் தள்ளித் தள்ளிப் பார்ப்பான். மறுநாள் கேமராவை அணைத்துவிட்டு வகுப்பிலேயே தூக்கம். சாப்பாட்டில் எரிச்சல், கேட்டால் அழுகை. நான் மணிக்கணக்கைத்தான் பார்த்தேனே தவிர, அந்தப் பயத்தைப் பார்க்கவில்லை.

2021-இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. நாலில் ஒரு பிள்ளைக்கு மனச்சோர்வின் அறிகுறிகள், ஐந்தில் ஒன்றுக்குப் பதற்றம்; முன்பு இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், படித்தபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

இப்போது ராத்திரி போன் கூடத்தில்தான் சார்ஜ் ஏறும். சொன்னதும், "அப்போ உன்னோடதும்" என்றான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. எனக்குத்தான் இன்னும் கை அரிக்கிறது.

உன் பெண் அப்போது யாரோடும் பேசாமல் இருந்தாளே, இப்போது எப்படி இருக்கிறாள்? அவளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி